சுத்தியல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆன்டெப் கடைவீதியில்

ஆன்டெப் கடைவீதிக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கோட்டை அடிவாரத்தில் நின்று காதைக் கொடுத்தால் போதும். முதலில் மெல்லியதாக ஒரு டக், டக். பிறகு அதற்குக் கீழே கொஞ்சம் கனமாக இன்னொன்று. சந்துக்குள் பத்தடி வைப்பதற்குள் இருபது முப்பது சுத்தியல்கள் ஒன்றோடு ஒன்று சேராமல், ஒன்றை ஒன்று கெடுக்காமல் அடித்துக்கொண்டிருக்கும். செம்புக் கொட்டிகளின் தெரு அது. துருக்கியில் பகெர்ஜிலார் சார்ஷி என்பார்கள். பகெர் என்றால் செம்பு.

2019 அக்டோபரில் மூன்று நாள் அங்கே இருந்தேன். தென்கிழக்குத் துருக்கி, சிரிய எல்லைக்குப் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் ஊரின் பெயர் காஸியான்டெப். முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுப் படை ஊரை முற்றுகையிட்டபோது மாதக்கணக்கில் தாக்குப்பிடித்ததற்காக, 1921இல் 'காஸி' என்ற வீரப் பட்டத்தை அங்காராவின் நாடாளுமன்றம் ஊர்ப் பெயருக்கு முன்னால் சேர்த்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது இன்றைக்கும் ஆன்டெப்தான். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம் இஸ்தான்புல்லின் பெரிய பஜாரில் சுற்றியிருந்தேன். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் என்னோடு அங்கே நடந்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே விமானம் ஏறி வந்தவர்கள். ஆன்டெப்பில் நான் முதலில் பார்த்தது, துணி மூட்டையில் ஏதோ கனமாகக் கட்டித் தூக்கிவந்த ஒரு பெரியம்மாவை. ஒரு பட்டறை வாசலில் மூட்டையை இறக்கி அவிழ்த்தார். உள்ளே ஒரு குண்டான், இரண்டு தட்டு, பிடி தளர்ந்த ஒரு வாணலி. எல்லாமே செம்பு, எல்லாமே உள்பக்கம் கறுத்திருந்தன. பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பெரியம்மா தலையை ஆட்டிவிட்டு, மூட்டைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சந்தில் மிளகாய் வாங்கப் போனார்.

இந்த ஒரு காட்சிதான் அந்தக் கடைவீதி எனக்குப் புரிய வழி காட்டியது. செம்புத் தெரு, மிளகாய்ச் சந்தை, பிஸ்தாக் கடை, மாதுளைச் சாறு விற்கிறவர் எல்லாம் தனித்தனிக் கடைகள் இல்லை. ஊரின் அடுப்பு கேட்கிறதைக் கொடுப்பதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். அந்த மூன்று நாளும் நான் நடந்தது ஒரு பெரிய சமையற்கட்டின் கொல்லைப்புறம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

செம்புப் பாத்திரத்தில் நேரடியாகப் புளிப்பைச் சமைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். ஆன்டெப் சமையலோ புளிப்பில் நிற்கிற சமையல். மாதுளைச் சாற்றை நம் புளிக்கரைசல் கணக்காகக் கறுப்பாகும்வரை காய்ச்சி ஊற்றுகிறார்கள். சுமாக் என்ற சிவந்த காயைப் பொடித்துத் தூவுகிறார்கள், ஊறவைத்த தண்ணீரைக் குழம்பில் சேர்க்கிறார்கள். பழுக்காத திராட்சையைக்கூட விடுவதில்லை. இத்தனை புளிப்பையும் செம்பில் சமைக்க வேண்டுமானால் உள்ளே வெள்ளீயம் பூசியே ஆக வேண்டும். பூசியது தேயும். தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். அதனால்தான் செம்புத் தெருவில் கொட்டுகிறவர் இருக்கிற இடத்தில் பூசுகிறவரும் இருக்கிறார். பூசுகிறவர் இருக்கிறவரை அந்தப் பெரியம்மா மூட்டை கட்டிக்கொண்டு வருவார்.

பூசுகிறவரை அங்கே என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? கலாய்ஜி. வெள்ளீயத்துக்குப் பெயர் கலாய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். எங்கள் கும்பகோணத்து வீட்டில் பாட்டி சொல்லுவார்: "அந்த அண்டாவுக்குக் கலாய் போயிடுத்து, ஆள் வந்தா போடணும்." பாத்திரத்துக்கு ஈயம் பூசறதூ என்று குரல் கொடுத்துக்கொண்டு ஆள் வருவார். வாசலில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, தோல் துருத்தியை அமுக்கி அமுக்கிக் கனல் ஏற்றுவார். அது தமிழ்ச் சொல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். அரபியில் கல்ஈ, பாரசீகத்திலும் உருதுவிலும் கலாய், துருக்கியிலும் கலாய். இதன் மூலம் மலாய்க் கரையிலிருந்த கலாஹ் என்ற துறைமுகம் என்பது பல அறிஞர்கள் ஏற்கிற கருத்து. இடைக்கால அரபு மாலுமிகளுக்கு வெள்ளீயம் வந்த இடம் அது. அந்தக் கலாஹ் இன்றைய கெடா என்பாரும் உண்டு. கெடாதான் நம் கடாரம், ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய அதே கடாரம். தமிழில் கடாரம் என்றால் பெரிய கொப்பரை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட நான் மொழியியல் படித்தவள் இல்லை. ஆனால் கடாரத்து ஈயம் ஒரு பக்கம் கும்பகோணத்து வாசலுக்கும் மறுபக்கம் ஆன்டெப் பட்டறைக்கும் பெயரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கிறது.

அன்று முழுக் காலையும் ஒரு கலாய்ஜியின் வாசலிலேயே கழிந்தது. எழுபதைத் தாண்டியவர். உஸ்தா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். தொழில் கைவந்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நம் வஸ்தாது இதற்குக் கூடப்பிறந்த சொல். நானும் உஸ்தா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை கிஸிம், 'என் பெண்ணே', என்றார். நடுவில் அவருடைய பேரன், கல்லூரியில் படிக்கிற பையன், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்.

முதலில் பாத்திரத்தை மணல் போட்டுத் துலக்குகிறார்கள். முன்பெல்லாம் பெரிய பாத்திரத்துக்குள் சின்னப் பையன் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் மணலை இப்படியும் அப்படியும் திருகுவானாம். உஸ்தாவும் அப்படித்தான் தொழிலுக்கு வந்திருக்கிறார், ஒன்பது வயதில். பிறகு கரி அடுப்பு. பாத்திரம் சூடேறியதும் ஒரு சிட்டிகை நவச்சாரம் தூவுகிறார். குப்பென்று வெள்ளைப் புகை. தொண்டையைப் பிடிக்கிற அந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. ஏழெட்டு வயதில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு விடாமல் பார்த்தது. அடுத்து ஈயக் குச்சியைத் தொட்டு எடுக்கிறார். அது பாதரசம் மாதிரி ஓடுகிறது. பஞ்சை மடித்து, ஒரே வீச்சில், அடியிலிருந்து விளிம்புவரை சுழற்றித் துடைக்கிறார். கறுத்துக் கிடந்த அடி, கை போன வழியெல்லாம் வெள்ளியாகிவிடுகிறது. மொத்தம் அரை நிமிஷம் இருக்காது. சூடு ஒரு பங்கு கூடினால் ஈயம் கருகும், குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். இதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது, கண்ணால்தான் தெரியும் என்றார்.

அங்கே வேலை செய்கிறவரைக் கடந்து போகும்போது 'கொலாய் கெல்சின்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேலை சுலபமாக வரட்டும் என்று அர்த்தம். தெரிந்தவர் தெரியாதவர் கணக்கில்லை. இரண்டாம் நாளிலிருந்து நானும் சொல்ல ஆரம்பித்தேன். சுத்தியல் ஒரு நொடி நிற்கும், தலை நிமிரும், ஒரு புன்னகை, மறுபடி டக், டக்.

செம்புத் தெருவிலிருந்து வெளியே வந்தால் சிறிது தூரத்தில் அல்மாஜி பஜார். பெயர் ஆப்பிள்காரர் சந்தை என்று. இப்போது உலர்ந்த சரக்குதான் ராஜா. குடைந்தெடுத்த கத்தரிக்காய் ஓடுகள், குடைமிளகாய், சுரைக்காய், எல்லாம் நூலில் கோத்துத் தோரணமாகக் கடை வாசலில் தொங்குகின்றன. கத்தரி வத்தல் நமக்குப் புதிதில்லை. ஆனால் நாம் துண்டு போட்டுக் காயவைப்போம், அவர்கள் முழு ஓடாகக் காயவைக்கிறார்கள். மாரிக்காலத்தில் கொதிநீரில் போட்டால் ஓடு விரியும். அதற்குள் அரிசியும் கறியும் மசாலாவும் அடைத்து, சுமாக் தண்ணீரோ மாதுளைக் கரைசலோ விட்டு வேகவைப்பார்கள். நான் போன அக்டோபரில் அந்த வருஷத்துச் சரக்கு அப்போதுதான் இறங்கியிருந்தது. கத்தரித் தோரணத்தில் ஊதா நிறம் இன்னும் மங்காமல் இருந்தது. காற்றடித்தால் ஓடுகள் ஒன்றோடொன்று உரசி, சருகு மிதிக்கிற சத்தம் கேட்டது.

மிளகாய் விழுதைக் கோடையில் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து எடுப்பார்களாம். ஒரு கடைக்காரர் கரண்டி நுனியில் தந்தார். காரம் கடைசியாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு இனிப்பு, வெயில் காய்ந்த தக்காளியின் ருசிபோல.

பிஸ்தாவைத் துருக்கி முழுக்க 'ஆன்டெப் ஃபிஸ்தெ' என்றுதான் சொல்கிறார்கள். முற்றுவதற்கு முன்பே பறித்த பச்சைப் பருப்புதான் பக்லாவா என்ற அடுக்கு இனிப்புக்குப் போகிறது. முற்றினால் எடை கூடும், நிறமும் வாசனையும் போய்விடும். எடையை விட்டு வாசனையைப் பிடித்த ஊர் இது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆன்டெப் பக்லாவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. துருக்கியிலிருந்து அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் பொருள் அதுதான். கடைவீதிக்குள் 1887 முதல் இருக்கிற இமாம் சாதாஷ் என்ற உணவகத்தில் மதியம் சாப்பிட்டேன். பக்லாவாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அங்கே மோர் வந்த விதம். ஈயம் பூசின செம்புக் கிண்ணம் நிறைய நுரை ததும்பும் ஐரான், குடிக்க ஒரு சின்னச் செம்பு அகப்பை. உதட்டில் முதலில் படுவது உலோகத்தின் குளிர்ச்சி, அப்புறம்தான் புளிப்பு. காலையில் உஸ்தா பஞ்சால் துடைத்தது எதற்காக என்று அங்கே உதட்டுக்குத் தெரிந்தது.

சின்ஜிர்லி பெதெஸ்தான் என்ற கூரை போட்ட சந்தை 1781இல் தாரெந்தெ ஊர் ஹுசைன் பாஷா கட்டியது. கல் வளைவுகள், மேலிருந்து விழும் வெளிச்சம். நினைவுப் பொருள் கடைகள் இங்கே கொஞ்சம் அதிகம். சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

யெமெனி செருப்புக்காரரிடம் மட்டும் நின்றேன். பெயரைக் கேட்டால் ஏமன் ஞாபகம் வருகிறது, ஆனால் ஆன்டெப்பின் கைவேலை. அடியில் எருமைத் தோல், மேலே ஆட்டுத் தோல், மெழுகு தேய்த்த பருத்தி நூல். ஆணி கிடையாது. செருப்பை உள்வெளியாகத் தைத்து, கடைசியில் ஈரமாக்கிப் புரட்டுகிறார்கள். மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன். இன்றும் வீட்டுக்குள் போடுகிறேன்.

மாலையில் தஹ்மிஸ் காப்பிக் கடை. தஹ்மிஸ் என்றால் காப்பிக்கொட்டையை வறுத்து இடிப்பது. 1630களில் முஸ்தஃபா ஆகா என்பவர் மெவ்லெவி சூஃபிகளின் மடத்துக்கு வருமானம் வருவதற்காகக் கட்டிவைத்த இடம். நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிற மாதிரி, இங்கே மடத்துக்குக் கடையையும் காப்பி நிலையத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயில் எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. அங்கே மெனெங்கிச் குடித்தேன். காப்பி என்று பெயர், காப்பிக்கொட்டை துளிகூடக் கிடையாது. காட்டுப் பிஸ்தா மரத்தின் குட்டிக் காயை வறுத்து, எண்ணெய் கசிய அரைத்து, பாலில் காய்ச்சுகிறார்கள். பக்கத்து மேசையில் நாலு பெரியவர்கள் பேசாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோற்றபோது மற்ற மூவரும் அவருக்காகத் தேநீர் சொன்னார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்தக் கடைவீதியில் இப்போது இல்லாதவர்களைச் சொல்லாமல் விட்டால் நான் பார்த்தது பாதிதான் என்றாகும். 1915வரை ஊரில் ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கைத்தொழிலிலும் வணிகத்திலும் அவர்களுக்குப் பெரிய பங்கு. ஆன்டெப் பெயரில் உலகம் போற்றுகிற நுண்ணிய வெள்ளைத் துணித் தையலை அவர்கள் வீட்டுப் பெண்களின் கைகள் வளர்த்தன. அந்த வருஷம் உதுமானிய அரசு அவர்களை ஊரைவிட்டு விரட்டியது. பலர் பாலைவன வழியிலேயே மாண்டார்கள், பிழைத்தவர்கள் அலெப்போவிலும் பெய்ரூட்டிலும் ஒதுங்கினார்கள். பழைய ஊர்ப் பகுதியில் நடந்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் அடுக்கிக் கட்டிய அவர்களின் தேவாலயம் இருக்கிறது. நான் போனபோது அது பள்ளிவாசலாக இருந்தது. எந்தப் பலகையும் எனக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஊருக்குப் போகுமுன் படித்ததால் தெரிந்தது.

அலெப்போ இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். உதுமானியர் ஆட்சியின் பிற்காலத்தில் ஆன்டெப் அலெப்போ மாகாணத்தில்தான் இருந்தது. இரண்டு ஊர்க் கடைவீதிக்கும் இடையில் சரக்கும் ருசியும் போய்வந்துகொண்டே இருந்திருக்கின்றன. 2011க்குப் பின் சிரியப் போரில் அலெப்போவிலிருந்து மனிதர்களே வந்தார்கள். நான் போனபோது மாகாணத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் இருந்தார்கள். கடைவீதியின் ஓரத்துச் சந்துகளில் பெயர்ப் பலகை அரபியில் இருந்தது. ஒரு கடையில் புன்னை இலை எண்ணெய்போல் வாசம் வீசிய சோப்புக் கட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். அது லாரல் எண்ணெய், அலெப்போ சோப்பின் அடையாளம். கடைக்காரர் ஒரு கட்டியைக் கத்தியால் பிளந்து உள்ளே பச்சை இருப்பதைக் காட்டினார். வெளியே காய்ந்து பழுப்பாகிவிடும், உள்ளே பச்சை மாறாது. அவர் அதைக் காட்டியபோது பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கிளம்புமுன் உஸ்தாவிடம் திரும்பப் போனேன். ஒரு சஹான் வாங்க ஆசை. மூடியோடு கூடிய சின்னச் செம்பு வாணலி, முட்டை பொரிக்கிற அளவு. அவர் மூன்று எடுத்து வைத்தார். கையில் எடுத்த உடனே கனம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உஸ்தா அதை வாங்கி வைத்துக்கொண்டு பேரனிடம் ஏதோ கேட்டார்.

"இதில் என்ன சமைப்பீர்கள் என்று தாத்தா கேட்கிறார்."

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். "ரசம்" என்றேன். புளியும் தக்காளியும் மிளகும் போட்ட தண்ணீர்க் குழம்பு என்று விளக்கினேன். "புளிப்பு" என்ற இடத்தில் உஸ்தா பையனின் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமலே புரிந்துகொண்டார். அந்தச் சஹானை ஓரமாக வைத்துவிட்டார். அதில் பூச்சு மெல்லிசாம், அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு அது போதுமாம். சமைக்கிறவளுக்கு ஆகாது என்று உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அத்தனை பளபளப்பு இல்லை, சுத்தியல் தடம் முழுக்கத் தெரிந்தது. அதைக் கரியில் ஏற்றி, என் கண் முன்னால் இரண்டாம் முறை கலாய் பூசினார். ஆறியதும் விரலால் சுண்டிப் பார்த்து என்னிடம் தந்தார்.

"எலினிஸெ சாலிக்" என்றேன். உங்கள் கைக்கு ஆரோக்கியம் என்று அர்த்தம். சமைத்தவருக்கும் செய்தவருக்கும் சொல்வது. "ஈயம் போனதும் கொண்டு வா, கிஸிம்" என்றார்.

2023 பிப்ரவரி 6, விடிகாலை 4:17க்கு அந்தப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. அளவு 7.8. துருக்கியிலும் சிரியாவிலுமாக ஐம்பதாயிரத்துக்கும் மேல் உயிர்கள். நான் நின்று காது கொடுத்த கோட்டையின் சுவர்கள் சரிந்து சாலையில் கிடந்த படத்தை அன்று காலை பார்த்தேன். அந்தப் பழைய தேவாலயத்தின் குவிமாடமும் விழுந்தது. பேரனின் எண் என்னிடம் இருந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரே வரி: எல்லாரும் இருக்கிறோம், தாத்தா வீட்டுக்குள் தூங்க மாட்டேன் என்கிறார். பிறகு ஏப்ரலில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதில் பேச்சே இல்லை. சுத்தியல் சத்தம் மட்டும், முப்பது நொடி.

சஹானில் வாரம் இரண்டு தடவையாவது ரசம் வைக்கிறேன். போன தைக்கு அடியில் செம்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. இப்போது எங்கள் தெருவில் ஈயம் பூச யாரும் வருவதில்லை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையை விசாரித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பட்டறைக்காரர் வாங்கி உள்ளே பார்க்கவில்லை. கவிழ்த்து, வெளிப்பக்கத்துச் சுத்தியல் தடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகச் சுற்றிவந்தார்.

"இது நம்ம பக்கத்து அடி இல்லையேம்மா. எந்த ஊர்?"

"ஆன்டெப்" என்றேன். அவர் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நவச்சார டப்பாவைத் திறந்தார்.